எலும்பு நொறுங்கும் நோயில் தாடைப் படம் என்ன சொல்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயது மகளுக்கு ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, அதாவது எலும்பு நொறுங்கும் நோய், நான்காம் வகை. இதுவரை தொடையில் இருமுறையும் முன்கையில் ஒருமுறையும் எலும்பு முறிந்திருக்கிறது. பற்கள் பழுப்பேறித் தேய்கின்றன என்று பல் மருத்துவரிடம் காட்டியபோது, தாடை முழுவதும் தெரியும் ஓபிஜி படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அறிக்கையில் “பற்களின் மேற்பகுதி குமிழ் வடிவம், கழுத்து குறுகல், பற்கூழ் அறைகள் அடைபட்டுள்ளன, தாடை எலும்பு இயல்பு” என்று வந்திருக்கிறது. உடம்பெல்லாம் எலும்பு நொறுங்கும் குழந்தைக்குத் தாடை எலும்பு மட்டும் எப்படி இயல்பாக இருக்கும், படத்தைச் சரியாகப் பார்க்கவில்லையா என்று கேட்கிறீர்கள்.

சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த நான்கு வரிகளை எழுதியவருக்கு இந்த நோய் தெரிந்திருக்கிறது. தாடைப் படத்தில் இது தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் எலும்பு அல்ல, பல். நான் பல் கதிரியலில் பயிற்சி பெற்ற நாட்களில் இதே சறுக்கலில் விழுந்திருக்கிறேன். இதே நோயுள்ள ஒரு சிறுவனின் படத்தைக் கொடுத்து என்ன தெரிகிறது என்று ஆசிரியர் கேட்டார். நான் கீழ்த்தாடையின் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்து, முறிவு இல்லை, அடர்த்தி பரவாயில்லை, படம் இயல்பு என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து எலும்பு முழுவதையும் மறைத்தார். பற்கள் மட்டும் தெரிந்தன. அப்போதுதான் கண்ணில் பட்டது, அந்த வாயில் இயல்பான பல் ஒன்றுகூட இல்லை.

காரணம் கொலாஜன் என்ற புரதத்தில் இருக்கிறது. உடலில் பல வகைக் கொலாஜன்கள் உண்டு. எலும்புக்குச் சாரமாக நிற்பது முதல் வகை. மூன்று இழைகளை ஒன்றாக முறுக்கிய கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முறுக்கு இறுக வேண்டுமானால், ஒவ்வோர் இழையிலும் மூன்றாவதாக வரும் இடத்தில் எல்லாம் கிளைசின் இருந்தாக வேண்டும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். கயிற்றின் நடுவில் இருக்கும் நெருக்கத்தில் வேறெதுவும் அடங்காது. மரபணுவில் ஓர் எழுத்து மாறி, கிளைசினின் இடத்தில் அதைவிடப் பெரிய ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டால், அந்த இடத்தில் முறுக்கு பிசகுகிறது. இந்த நோயுள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் பிழை இருப்பது இந்த இழைகளை எழுதும் இரண்டு மரபணுக்களில்தான். ஒன்று 17ஆம் குரோமோசோமிலும் மற்றது 7ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன.

பல்லின் உடலாக இருப்பது டென்டின். அதன் கரிமப் பகுதியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இதே முதல் வகைக் கொலாஜன். மேலே போர்த்தியிருக்கும் எனாமலில் கொலாஜன் கிடையாது. அது வேறு புரதங்களின் வேலை. ஆகவே உங்கள் மகளின் எனாமல் நல்ல எனாமல்தான். அதைத் தாங்கும் தரைதான் மென்மையானது. களிமண் தரையில் பதித்த பீங்கான் ஓடு போல, மெல்லும் அழுத்தத்தில் அடித்தளம் நெகிழ, மேலே இருப்பது சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. பிறகு வெறும் டென்டின் தேய்கிறது. அந்தத் தேன் பழுப்பு நிறமும், சிலரிடம் சாம்பல் கலந்த நீலமும், எனாமலின் அழுக்கு அல்ல. உள்ளே இருக்கும் டென்டின் எனாமல் வழியாகத் தெரிவது. தேய்த்தாலும் வெளுக்க வைத்தாலும் போகாது. இதற்கு டென்டினோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்று பெயர். டென்டின் குறைபாடு என்றே இனிச் சொல்கிறேன்.

இப்போது படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கீழ்வரிசையில், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவதாக வருவது முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல். ஆறு வயதில் முளைத்திருக்கும். ஒரு சாதாரணக் குழந்தையின் படத்தில் இந்தப் பல் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே சீராக இறங்கும். நடுவில் கறுப்பாக ஒரு சிறிய அறை தெரியும். அதுதான் பல்லின் மென்திசுவான பற்கூழ் இருக்கும் அறை. அங்கிருந்து வேர்களுக்குள் இரண்டு கறுப்புக் கோடுகள் ஓடும். உங்கள் மகளின் படத்தில் பல்லின் தலை உருண்டிருக்கும். ஈறு தொடங்கும் இடத்தில் சட்டென்று இடுங்கி, அதற்குக் கீழே வேர்கள் மெலிந்தும் குட்டையாகவும் இருக்கும். எலுமிச்சம்பழத்தை ஈர்க்குச்சியில் குத்தி நிறுத்தியது போல. நடுவில் இருக்க வேண்டிய கறுப்பு அறையைக் காணோம். இருந்தாலும் தலைமுடி அளவுக் கோடாகத்தான் இருக்கும். உள்ளே உள்ள திசு ஒழுங்கற்ற டென்டினைப் போட்டுக்கொண்டே போய், தான் குடியிருக்கும் அறையைத் தானே அடைத்துக்கொள்கிறது.

பலரும் குழம்புவது இங்கேதான். அறை அடைபட்டு முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தால், பல் உள்ளே கெட்டியாகிவிட்டது, வலுவாகிவிட்டது என்று பெற்றோர் மட்டுமல்ல, சில மருத்துவர்களும் நினைக்கிறார்கள். இல்லை. இந்த டென்டினில் தாது குறைவு, நீர் அதிகம். வெள்ளை என்பது இடம் நிரம்பியிருக்கிறது என்பதற்கு அடையாளமே தவிர, உறுதிக்கு அல்ல.

இன்னொரு குழப்பம் இதற்கு நேர் எதிரானது. இன்னும் முளைக்காமல் எலும்புக்குள் இருக்கும் பற்களைப் பாருங்கள். அவற்றில் பற்கூழ் அறை வழக்கத்தைவிடப் பெரிதாகக்கூட இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு, இந்தப் பற்கள் தப்பித்துவிட்டன என்று சொல்லிவிடக் கூடாது. முதலில் அகன்று, பிறகு அடைபடுவதுதான் இந்த நோயின் போக்கு. ஆனால் பொதுவாக ஓர் ஆறுதல் உண்டு: பால் பற்களில்தான் பாதிப்பு கடுமையாக இருக்கும். நிரந்தரப் பற்களில் முதலில் முளைக்கும் வெட்டுப்பற்களையும் முதல் கடைவாய்ப்பற்களையும்விட, பின்னால் வருபவை பல சமயம் கொஞ்சம் மேலாக இருக்கும்.

எல்லாருக்கும் இப்படி வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய மருத்துவர் டேவிட் சில்லென்ஸ் 1979இல் இந்த நோயை நான்கு வகையாகப் பிரித்தார். முதல் வகை மிதமானது, இரண்டாம் வகையில் குழந்தைகள் பிறப்பை ஒட்டியே இறந்துவிடுகின்றன, மூன்றாவது, வளர வளர எலும்புகளைக் கடுமையாக வளைப்பது, நான்காவது இடைப்பட்டது. முதல் வகையினரில் பெரும்பாலானோருக்குக் கொலாஜனின் தரம் நன்றாகவே இருக்கும், அளவுதான் பாதி. அதனால் பற்கள் அநேகமாகப் பிழைத்துவிடுகின்றன. மூன்றிலும் நான்கிலும் தரமே கெட்டிருப்பதால் பல் மாட்டிக்கொள்கிறது. பின்னால் சேர்க்கப்பட்ட ஐந்தாம் வகையில் பிழை கொலாஜன் மரபணுக்களில் இல்லை. அவர்களிடம் டென்டின் குறைபாடும் காணப்படுவதில்லை. வெளியே நிறம் நன்றாக இருந்தும் படத்தில் மட்டும் குறைபாடு தெரியும் பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் நோய் உறுதியான எந்தக் குழந்தைக்கும், பல் வெள்ளையாக இருந்தாலும், ஒருமுறையாவது பற்களைப் படமெடுத்துப் பார்ப்பது நல்லது என்பேன்.

சற்று விலகி ஒரு செய்தி. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தியக் குழந்தை ஒன்றின் மம்மி இருக்கிறது. 1969இல் ஒரு கதிரியல் இதழில் வெளியான கட்டுரை, அந்தக் குழந்தைக்கு இந்த நோய் இருந்தது என்று விளக்கியது. எலும்புகளோடு, டென்டின் குறைபாட்டைக் காட்டிய பற்களும் அதற்குச் சான்றாயின. ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்ற பெயரோ 1849இல்தான் டச்சு உடற்கூறியலாளர் வில்லெம் வ்ரோலிக் வைத்தது.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். தாடை எலும்பு இயல்பு என்றால் என்ன பொருள்? தாடையிலும் அதே கொலாஜன்தான் இருக்கிறது. அது விதிவிலக்கு அல்ல. ஆனால் எக்ஸ்ரே மந்தமான சாட்சி. எலும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தாது குறைந்த பிறகுதான் சாதாரணப் படத்தில் அது கண்ணுக்குத் தெரியும். நுணுகிப் பார்த்தால் சிலரிடம் கீழ்த்தாடையின் கீழ்விளிம்பில் உள்ள வெள்ளைப் பட்டை மெலிந்திருக்கும், உள்ளே வலைப்பின்னல் தளர்ந்திருக்கும். பலரிடம் அதுவும் இருக்காது. தாடை உடலின் எடையைச் சுமப்பதில்லை. தொடை எலும்பு போல விழும்போதெல்லாம் அடி வாங்குவதுமில்லை. இந்த நோயில் தாடை முறிவு நிகழ்ந்திருக்கிறது என்றாலும், கை கால் முறிவுகளோடு ஒப்பிட்டால் அரிது. ஆக அந்த “இயல்பு” என்ற சொல்லை, “படத்தில் பிடிபடும் அளவுக்குக் கோளாறு இல்லை” என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையில் இல்லாத, ஆனால் நான் தேடிப் பார்க்கும் சில விஷயங்கள் உண்டு. ஒன்று, கடைவாய்ப்பற்கள் முளைக்கும் வழி. இந்தப் பிள்ளைகளிடம் முதல், இரண்டாம் கடைவாய்ப்பற்கள் திசைமாறி, முன்னால் உள்ள பல்லில் முட்டி நிற்பது மற்றவர்களைவிட அதிகம். சில பற்கள் உருவாகாமலே இருப்பதும் உண்டு. மற்றொன்று, மேல்தாடை வளர்ச்சி. மூன்றாம், நான்காம் வகையினரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு முன்னால் வந்து நிற்கும். பார்ப்பவர்கள் கீழ்த்தாடை நீண்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் மேல்தாடை குறுகிப் பின்தங்கியதுதான் காரணம். பின்பற்கள் ஒன்றோடொன்று சேராமல் இடைவெளி விழுவதும் இதோடு சேர்ந்து வரும்.

இதற்காகப் பல் சீரமைப்பு மருத்துவர் தலையின் பக்கவாட்டுப் படம் ஒன்று கேட்கக்கூடும். கேட்டால் தயங்காதீர்கள், தாடைக்காக எடுக்கும் அந்தப் படத்தில் மண்டையோடும் கழுத்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் பின்பக்கத் தையலை ஒட்டிச் சிறுசிறு எலும்புத் துண்டுகள், தரையில் உடைந்த ஓடுகளைப் பதித்தது போலத் தெரியும். வோர்மியன் எலும்புகள் என்பார்கள். ஒன்றிரண்டு யாருக்கும் இருக்கலாம். பத்துக்கு மேல் மொய்த்திருந்தால் இந்த நோய் நினைவுக்கு வர வேண்டும். அவற்றால் தொல்லை எதுவும் இல்லை. தொல்லை தரக்கூடியது மண்டையின் அடித்தளம். அங்கே எலும்பு மென்மையாக இருந்தால், கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பிலிருந்து நிமிர்ந்து நிற்கும் முனை மெல்ல மெல்ல மேலேறி மண்டைக்குள் நுழையும். மூளைத்தண்டு இருக்கும் இடம் அது. பல் மருத்துவர்கள் பற்களை அளந்துவிட்டுப் படத்தை மூடிவைத்துவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். இருமினால் அதிகமாகும் பின்தலை வலி, கை பலவீனம், விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றில் ஏதாவது உங்கள் மகளுக்கு வந்தால், பல்லை மறந்துவிட்டு முதலில் அவளுடைய எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

அடுத்து, தாடைப் படத்தில் எலும்பே முக்கியமாகிவிடும் ஒரு சூழல். இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம், தவறவிட்டால் விலை அதிகம். எலும்பு அடிக்கடி முறிகிறது, ஆனால் பற்கள் நல்ல வடிவில் இருக்கின்றன. தாடைக்குள்ளோ பஞ்சுப் பொதிகள் போல வெள்ளையும் கறுப்பும் கலந்த திட்டுகள், பல் வேர்களைச் சுற்றி இரண்டு பக்கமும். இப்படிப்பட்ட படம் வந்தால் அது ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா என்று பெயர் ஒட்டப்பட்ட வேறொரு நோயாக இருக்கலாம். நேத்தோடயாஃபிசியல் டிஸ்பிளாசியா என்பது அதன் பெயர். ஏஎன்ஓ5 என்ற மரபணுவின் பிழையால் வருவது, கொலாஜனோடு தொடர்பில்லாதது. கை கால் எலும்புகளின் தண்டுப் பகுதி தடித்து வளையும், தாடையில் எலும்பும், பல் வேரைப் போர்த்தும் சிமென்டமும் கலந்த கட்டிகள் வளரும். இவர்களுக்குப் பல் பிடுங்கினால் அந்த இடம் ஆறாமல் சீழ் பிடித்து, தாடை எலும்பு அழற்சியாக மாறும் ஆபத்து பெரிது. குடும்பத்தில் தலைமுறையாக “எலும்பு உடையும் நோய்” என்று சொல்லிக்கொண்டு, தாடைச் சீழோடு அலைந்தவர்களின் சரியான நோய் தாடைப் படம் ஒன்றால் வெளிவந்த வரலாறுகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. உங்கள் மகளின் அறிக்கையில் தாடை எலும்பு இயல்பு என்று இருப்பது, இந்தக் கோணத்தில் பார்த்தால் நல்ல செய்தி.

நொறுங்கும் எலும்பு எப்போதும் தாது குறைந்த எலும்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஹாம்பர்க் கதிரியல் மருத்துவர் ஆல்பர்ஸ்-ஷோன்பெர்க் 1904இல் விவரித்த பளிங்கு எலும்பு நோயில் எலும்பு அளவுக்கு மீறி அடர்ந்திருக்கும். பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்யாததால் வருவது. படத்தில் தாடை முழுவதும் சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து, வேர்கள் எங்கே முடிகின்றன என்றே தெரியாது. அதுவும் முறியும். பால் பற்கள் வேர் கரையாமல் முழுதாக, ஐந்து வயதுக்கு முன்பே விழுந்தால் அது ஹைப்போஃபாஸ்பட்டேசியா என்ற வேறொரு எலும்பு நோயின் பக்கம் கைகாட்டும். ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் குறைந்திருப்பது அதற்குச் சாட்சி. இன்னொன்று, உங்கள் மகளின் படத்தை அச்சாக ஒத்த பற்கள் எலும்பு நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும் வரும். அங்கே பிழை 4ஆம் குரோமோசோமில், டென்டினுக்கே உரிய ஒரு மரபணுவில். இரண்டையும் படத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. எலும்பு முறிந்த வரலாறு, கண்வெள்ளையின் நீல நிறம், காது கேளாமை, குடும்பத்தில் யாருக்கு என்ன என்று கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு நரம்பு வழியாக பிஸ்பாஸ்போனேட் மருந்து ஏற்றப்படுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகையைச் சேர்ந்த பமிட்ரோனேட் இப்படிக் குழந்தைகளுக்கு உதவுகிறது என்று 1998இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வுக்குப் பிறகு இது பரவலானது. எலும்புக்கு உதவுகிற மருந்து பல்லுக்கு ஏன் உதவவில்லை என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. எலும்பு நாள்தோறும் இடித்துக் கட்டப்படும் வீடு; இடிப்பவர்களின் கையைக் கட்டினால் சுவர் கொஞ்சம் தடிக்கும். டென்டினுக்கு அந்த வசதி கிடையாது. ஒருமுறை உருவானது உருவானதுதான்.

மருந்தின் தடம் கை கால் படங்களில் அழகாகத் தெரியும். எலும்பு வளரும் முனைகளில் ஒவ்வொரு முறை ஏற்றியதற்கும் ஒரு வெள்ளைக் கோடு, மரத்தின் ஆண்டு வளையங்கள் போல. தாடையில் அப்படிக் கோடுகள் தெரியாது. ஆனால் பற்கள் முளைப்பது தாமதமாகலாம். வயதையும் படத்தையும் ஒப்பிட்டுக் கவலைப்படும் முன் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பி கட்டிப் பற்களை நகர்த்துவதும் மெதுவாகும். பெரியவர்களிடம், குறிப்பாகப் புற்றுநோய்க்காக அதிக அளவில் இம்மருந்து பெறுபவர்களிடம், பல் பிடுங்கிய பின் தாடை எலும்பு செத்துப்போவது உண்டு. இந்த நோய்க்காக மருந்து பெறும் குழந்தைகளிடம் அப்படி நடப்பதற்கு, ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. அதற்காக மருந்தைப் பற்றிப் பல் மருத்துவரிடம் சொல்லாமல் இருக்காதீர்கள். தேதியோடு சொல்லுங்கள்.

எல்லாப் பற்களையும் எடுத்துவிடலாமா என்று யாரோ கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் தாடை எலும்பும் இருக்கும். எலும்பே பலவீனமான குழந்தைக்கு அதைத் தானாகக் கரைய விடுவது புத்திசாலித்தனம் ஆகாது. தேய்வதற்கு முன்பே கடைவாய்ப்பற்களுக்கு உலோக உறை போட்டுவிடுவதுதான் பலன் தருவது. ஈறு மட்டத்துக்குத் தேய்ந்த பிறகு போனால் உறை பிடித்து நிற்கப் பல் இருக்காது. சொத்தை இல்லாமலே வேர் நுனியில் கறுப்பு வட்டம் தோன்றுவது சிலரிடம் நிகழும். அப்போது வேர் சிகிச்சை செய்யலாம் என்றால், நுழைய வேண்டிய கால்வாய் அடைபட்டிருக்கும். ஓபிஜியில் தெரியாத மெல்லிய கால்வாயைத் தேட அந்த ஒரு பல்லுக்குச் சிறிய படமோ, கூம்புக்கதிர் சிடி ஸ்கேனோ தேவைப்படலாம். இன்னொரு எச்சரிக்கை: கழுத்து இடுங்கிய பற்களில் எனாமல் முடியும் இடம் படத்தில் கருமையாக விழுந்து சொத்தை போலத் தோற்றம் தரும். வாயில் பார்த்து உறுதிசெய்யாமல் யாராவது அதைத் துளைக்க வந்தால் தடுங்கள்.

படமெடுக்கும்போதும் சிகிச்சை நாற்காலியிலும் கழுத்தைப் பின்னுக்கு மடக்கவோ, வாயைப் பலவந்தமாகத் திறக்கவோ விடாதீர்கள். முதுகு வளைந்த பிள்ளைகளை ஓபிஜி கருவியில் நேராக நிறுத்த முடியாமல், முன்பற்கள் இருக்கும் பகுதி தண்டுவட நிழலில் மங்கிப்போவது வழக்கம். அதற்காகத் திரும்பத் திரும்ப எடுப்பதைவிட, முன்பற்களுக்கு மட்டும் சிறிய படம் ஒன்று எடுப்பது மேல். கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: ஓர் ஓபிஜியில் கிடைப்பது, சில நாட்களில் நாம் எல்லாரும் இயற்கையிலிருந்து பெறுகிற அளவுதான். எலும்பு முறிவுகளுக்காக ஏற்கெனவே பல படங்கள் எடுத்த குழந்தை என்பதால் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது. தேவை இருக்கும்போது பயந்து தள்ளிப்போடவும் கூடாது.

புதிதாக வலியோ வீக்கமோ இல்லையென்றால், அடுத்த ஓபிஜிக்கு அவளுக்குப் பதினொன்று முடியும்வரை காத்திருக்கலாம். இரண்டாம் கடைவாய்ப்பற்கள் எந்தத் திசையில் வருகின்றன என்பது அப்போது தெரியும். போகும்போது இந்தப் படத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இன்று பெரிதாகத் தெரியும் அந்த முளைக்காத பற்களின் கறுப்பு அறைகள் எவ்வளவு சுருங்கியிருக்கின்றன என்பதை இரண்டையும் அருகருகே வைத்துத்தான் சொல்ல முடியும்.